நாலு பேர், மூணு திசை

ஒரு ஸ்கூட்டரில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என நாலு பேர் நெருக்கிக்கொண்டு மழையில் போவதைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு நானோ காரின் எண்ணம் வந்தது என்பது ஊரறிந்த கதை. அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த நாலு பேர் நாங்களாகவும் இருந்திருக்கலாம். திருப்பூரில் எங்கள் ஸ்பிளெண்டரில் பெட்ரோல் டாங்கின் மேல் மகன், எனக்கும் மனைவிக்கும் நடுவில் மகள் என்று நாங்களும் அப்படித்தான் போனோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மாமனார் ஊர், கல்யாணம், கோயில் என்றால் நாலு பேர். மற்ற ஆறு நாளும் அந்த வண்டியில் நான் ஒருத்தன்தான். அந்த ஆறு நாளையும் கணக்கில் சேர்க்க எனக்கு ஒரு கார் வாங்கி, ஓட்டி, விற்க வேண்டியிருந்தது.

பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுவது என் தொழில். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளக் கவர் போடுவதும், நூல், சாயம், தையல் கூலி என்று ஒரு பனியனுக்கு எவ்வளவு விழுகிறது என்று பைசாவரை பிரித்து எழுதுவதும்தான் வேலை. அதனால் 2008 ஜனவரி 10 அன்று டெல்லி வாகனக் கண்காட்சியில் ஒரு லட்ச ரூபாய் கார் மேடையேறிய செய்தியைப் பேப்பரில் படித்தபோது, படத்தை விட்டுவிட்டு விலைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தைத்தான் பார்த்தேன். வரியும் வண்டியைக் கொண்டுவரும் செலவும் நீங்கலாக ஒரு லட்சம். பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் வீட்டுக்கு வந்து சேர ஒன்றேகால், ஒன்றரை ஆகிவிடும் என்று டீக்கடையிலேயே பேப்பர் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். அப்போது ஒரு நல்ல பைக் நாற்பதாயிரத்துச் சொச்சம். மூன்று பைக் விலைக்கு ஒரு கார். எட்டாத உயரமில்லை.

ஆனாலும் உடனே வாங்கவில்லை. மேற்கு வங்காளத்தின் சிங்கூரில் எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலையை நிலப் போராட்டத்தால் கைவிட்டு, 2008 அக்டோபரில் குஜராத்தின் சாணந்துக்குப் போவதாக டாடா அறிவித்தார். (சிங்கூர் நிலத்தைக் கையகப்படுத்தியதே செல்லாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பேப்பரில் கார் விலையைத் தேடிய என் கண்ணில் அந்த விவசாயிகள் அன்று படவேயில்லை.) 2009 மார்ச்சில் கார் விற்பனைக்கு வந்தது. ஏப்ரல் முன்பதிவில் இரண்டு லட்சத்துக்கும் மேல் மனுக்கள் குவிந்து, முதல் ஒரு லட்சம் பேரைக் குலுக்கல் போட்டு எடுத்தார்கள். அதில் நான் இல்லை. சீட்டுப் பணம் எடுத்து அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நொய்யலை நாசமாக்கிய சாயப்பட்டறைகள், எழுநூறுக்கும் மேற்பட்டவை, ஒரேயடியாக மூடப்பட்டன. துணிக்குச் சாயம் இல்லையென்றால் கட்டிங் இல்லை, தையல் இல்லை, எங்கள் கம்பெனிக்கு வேலை இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று ஆனபோது காரைப் பற்றி யார் பேசுவார்கள்?

2013-ல் நிலைமை கொஞ்சம் சீரானது. முதலாளிக்குத் தெரிந்த ஒருவர் மூன்று வருஷம் ஓட்டிய நானோவை விற்கிறார் என்றார்கள். ஏ.சி. வைத்த மாடல். தொண்ணூற்றைந்தாயிரத்துக்குப் பேசி முடித்தேன். ஒரு லட்சம் என்ற வாக்கு எனக்கு இரண்டாம் கையில்தான் நிறைவேறியது.

பணம் புரட்ட வீட்டில் ஒரு யோசனை சொன்னேன். என் ஸ்பிளெண்டர், மனைவியின் ஸ்கூட்டி, இரண்டையும் தள்ளிவிட்டால் பாதிப் பணம் கைக்கு வந்துவிடும். கார் வந்த பிறகு இரண்டு வண்டி எதற்கு? மனைவி தட்டில் இருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: “உங்க வண்டிய வேணா வித்துக்குங்க. எம்பட ஸ்கூட்டி மேல கை வெக்காதீங்க.” பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு, என் வண்டியை மட்டும் மச்சானுக்குக் கொடுத்தேன்.

காரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என்னைப் பொறுத்தவரை நல்ல கார். கணக்கு எழுதுகிறவனுக்கு அதைச் சுற்றி வந்து பார்ப்பதே ஒரு சுகம். எங்கெங்கே காசைப் பிடித்திருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணலாம். கண்ணாடி துடைக்க ஒரே வைப்பர். சக்கரத்துக்கு நாலு போல்ட்டுக்குப் பதில் மூன்று. வெளியிலிருந்து திறக்கிற டிக்கி கதவு கிடையாது. பின் சீட்டை மடக்கித்தான் சாமான் வைக்க வேண்டும். வேகம் காட்டும் மீட்டர் டாஷ்போர்டு நடுவில். ஓட்டுநர் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அதே டாஷ்போர்டு செல்லும். பின் சீட்டுக்கு அடியில் 624 சிசி, இரண்டு சிலிண்டர் இன்ஜின். நாலே கியர். மொத்த எடையே அறுநூறு கிலோ அளவுதான். நீளம் மூன்று மீட்டருக்குச் சற்று மேலே, ஆனால் உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்காது, கூரை உயரம். வெளியே சின்னதாகவும் உள்ளே பெரிதாகவும் இருக்கிற ஒரு பொருளை இவ்வளவு குறைந்த காசுக்குச் செய்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

பெட்ரோல் பங்கில்தான் கூத்து. பையன் குழாயை எடுத்துக்கொண்டு காரின் இடப்பக்கம் பார்ப்பான், வலப்பக்கம் போவான், பின்னால் வருவான். நான் இறங்கிப் போய் முன்பக்க பானெட்டைத் திறந்து காட்டுவேன். பெட்ரோல் ஊற்றும் வாய் அங்கே, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில். “இன்ஜினுக்குள்ளயே ஊத்தறதுங்ளாண்ணா?” என்று ஒருவன் கேட்டான். பங்சர் கடைக்காரருக்கு வேறு சந்தேகம். முன் டயர் ஒரு அளவு, பின் டயர் அதைவிட அகலம். “என்னங்ணா, ரெண்டு காரைச் சேத்து ஒண்ணாக்கிட்டாங்ளா?” இன்ஜின் பின்னால் இருப்பதால் எடை அங்கே, அதனால் அகலம் அங்கே என்று விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டுக் கூலியைச் சொன்னார். கார் கூலிதான் சொன்னார், சின்னக் கார் கூலி என்று ஒன்று அவரிடம் இல்லை.

எங்களுக்கு லைன் வீடு. நடுவில் பொது வாசல், இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள், முன்னால் ஒரு இரும்புக் கேட். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்த வாசலில் பைக்கும் ஸ்கூட்டரும் மொபெட்டுமாக ஒட்டி ஒட்டி நிற்கும். காலையில் முதலில் கிளம்புகிறவர் கடைசியில் நிறுத்த வேண்டும் என்று எழுதாத சட்டம் உண்டு. கேட்டின் அகலம் இரண்டு பைக்குக்கு அளவானது. உலகத்திலேயே மலிவான கார் என்று பேர் வாங்கிய கார், அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றது. தெருவில் விட்டால் தண்ணி லாரி திரும்ப முடியாது. கடைசியில் இரண்டு தெரு தள்ளி, மூடிக் கிடந்த ஒரு அரிசி மில்லின் காலி இடத்தில் மாசம் நானூறு ரூபாய் வாடகைக்கு நிறுத்தினேன். காருக்கும் வீட்டு வாடகை கொடுத்தேன் என்றுதான் என் நோட்டில் எழுதியிருக்கிறது. காரை எடுக்க அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல்பட்டு, அவசரத்தில் மனைவியின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு போன நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் அவள் சாவியை நீட்டும்போது ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் கஷ்டமாக இருக்கும்.

ஜப்பானைப் பற்றிப் பின்னால் படித்தபோது இந்த அரிசி மில் நினைவுதான் வந்தது. அங்கே கார் பதிவு செய்வதற்கு முன்னால் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசிடம் சான்று வாங்க வேண்டும். ‘கெய்’ என்ற குட்டிக் கார் வகைக்கு வரியைக் குறைத்ததோடு, பல ஊர்களில் இந்தச் சான்றிலும் சலுகை காட்டினார்கள். 1958-ல் வந்த சுபாரு 360-ம் நானோ போலத்தான்: இரண்டு சிலிண்டர், இன்ஜின் பின்னால். இத்தாலியில் வெஸ்பாவிலும் லாம்ப்ரெட்டாவிலும் போய்க்கொண்டிருந்த குடும்பங்களுக்காக அதற்கு முந்தைய வருஷம் வந்த ஃபியட் 500-ம் அதே அமைப்புதான். ஜெர்மனியில் முன்பக்கமே கதவாகத் திறக்கும் இசெட்டா ஓடியது. போர் முடிந்து கூலி ஏற ஏற, அந்த மக்கள் இரண்டு சக்கரத்திலிருந்து இந்தக் குட்டிக் கார்களுக்கு மாறினார்கள். நானோவை இவற்றோடு ஒப்பிட்டு எழுதியவர்கள் காரை மட்டும் ஒப்பிட்டார்கள். கேட்டின் அகலத்தை ஒப்பிட்டிருக்க வேண்டும்.

காலை எட்டு மணிக்குக் குடும்பம் கிளம்பும் விதத்தையும்தான். மகன் ஒரு பள்ளிக்கூடம், மகள் வேறொன்று. இரண்டும் நல்லவேளையாக ஒரே சாலையில். மனைவி செக்கிங் வேலை பார்க்கும் கம்பெனி ஊரின் அந்தக் கோடியில். என் கம்பெனி இந்தக் கோடியில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். நாலு பேர், மூணு திசை. கார் வந்த புதிதில் பெருமையாக ஒரு ரூட் போட்டேன்: முதலில் குழந்தைகள், பிறகு அவள், பிறகு நான். அதன்படி குழந்தைகள் கேட் திறக்காத பள்ளிக்கு முன்னால் நின்றார்கள். அவள் ஷிப்ட் தொடங்கிப் பத்து நிமிஷம் கழித்துப் போய் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள். நான் இரண்டு பாலத்தைத் தாண்டி லேட்டாக வந்து சேர்ந்தேன். சாயங்காலம் இன்னும் மோசம். எனக்கு ஆறு மணிக்கு வேலை முடியும். அவளுக்கு ஆர்டர் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட், எட்டரை மணி வரை. அவளுக்காக நான் கம்பெனி வாசலில் காருக்குள் உட்கார்ந்திருப்பேன்; இல்லையென்றால் எனக்காக அவள் செக்யூரிட்டி கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருப்பாள்.

கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு ஒரு காலை ஸ்கூட்டியைத் துடைத்து வெளியே எடுத்தாள். “ஏனுங்க, காரு நல்லாத்தான் இருக்குது. ஆனா எம்பட நேரம் எங்கையில இருக்கோணும்.”

அவள் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்ட கதை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நான் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவேன். வேலை முடிந்து காய்கறி வாங்க, அவள் அம்மாவைப் பார்க்க, டைலர் கடையில் துணி கொடுக்க, எல்லாவற்றுக்கும் என் நேரம் பார்க்க வேண்டும். கியர் இல்லாத அந்தச் சின்ன வண்டி வந்த பிறகு அப்படிக் கேட்பதெல்லாம் நின்றது. கார் வந்தபோது நான் அவளுக்குக் கொடுத்ததாக நினைத்தது ஒரு சீட்டு. அவளிடமிருந்து கேட்டது அந்த நேரம். இரண்டு ஸ்கூட்டர் ஒரு வீட்டுக்குப் பண்ணுகிற உபகாரத்தை ஒரு கார் பண்ணாது, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. நாலு பேரை ஒன்றாகக் கொண்டுபோவதற்காகச் செய்த வாகனம் அது. எங்களுக்கு வேண்டியதோ நாலு பேரும் பிரிந்து போவதற்கு.

பெட்ரோல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2010 ஜூனில் பெட்ரோல் விலையை அரசாங்கம் தன் கையிலிருந்து விட்டது. 2012 மே மாதம் ஒரே ராத்திரியில் லிட்டருக்கு ஏழு ரூபாய்க்கு மேல் ஏறியது. நான் கார் வாங்கியபோது லிட்டர் எழுபத்தைந்து ரூபாய் பக்கம். எங்கள் ஊரில் தொழிலாளிகள் யாரும் டாங்க் நிரப்புவதில்லை. சனிக்கிழமை கவர் வாங்கியதும் நூறு ரூபாய்க்குப் போடுவார்கள். அந்த நூறு ரூபாய்க்கு ஸ்பிளெண்டர் எழுபது கிலோமீட்டர் ஓடும், ஏறக்குறைய ஒரு வாரம். அதே நூறு ரூபாய்க்கு டவுன் நெரிசலில் நானோ இருபத்தைந்து கிலோமீட்டர். செவ்வாய்க்கிழமை காலை முள் கீழே இறங்கிவிடும். இத்தனைக்கும் அந்தக் காலத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற கார்களில் அது முன்வரிசை. வாங்கும் விலைதான் ஏழைக்குத் தடை என்று நினைத்து ஒரு லட்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வாங்குவது ஒருநாள் செலவு. சீட்டெடுத்தோ நகையை வைத்தோ அதைச் சமாளித்துவிடுவோம். வாரச் சம்பளக்காரனைக் கவிழ்ப்பது சனிக்கிழமைதோறும் வருகிற செலவு.

இன்னொன்றை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிய சில வாரங்களிலேயே நான் வேறு ஆள் ஆகிவிட்டேன். பதினைந்து வருஷம் பைக் ஓட்டியவன், இடுக்கு கிடைத்த பக்கமெல்லாம் புகுந்து போனவன், இப்போது இடது பக்கம் உரசிக்கொண்டு வருகிற பைக்காரர்களைப் பார்த்து வாய்க்குள் திட்ட ஆரம்பித்தேன். சிக்னலில் ஒருவர் முன்னால் வந்து குறுக்கே நிறுத்தியபோது ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. மறுநாள் எங்கள் கட்டிங் மாஸ்டர் டீ குடிக்கும்போது சாதாரணமாகக் கேட்டார்: “நேத்து பாலத்துகிட்ட ஹாரன் அடிச்சது நீங்கதானுங்ளா? சம்சாரம் பொறத்தால இருந்துதுங்க, பயந்துருச்சு.” மூன்றரை மீட்டர்கூட இல்லாத ஒரு தகரக் கூடு மனிதனை இவ்வளவு சீக்கிரம் மேலே ஏற்றிவிடும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த ஏற்றமும் கல்யாண மண்டபம் வரைக்கும்தான். அவிநாசி சாலையில் ஒரு பெரிய மண்டபம். இன்னோவாக்களும் அதைவிடப் பெரியவையும் வரிசையில் நிற்க, வாட்ச்மேன் என் காரைப் பார்த்து விசில் ஊதி, “இதையக் கொண்டுபோயி அக்கட்டால பைக்குகளோட விடுங்க” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அங்கே இடம் இருந்தது. பந்தியில் உறவுக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, “மாப்ள, அந்த ஒரு லட்ச ரூவா காரா?” என்றார். பைக்கில் வந்த யாரிடமும் அவர் விலை கேட்கவில்லை. நான், “இல்லீங் மாமா, ஏ.சி. மாடலுங்க, ரெண்டு ஆச்சு” என்றேன். வாழ்நாள் முழுக்கத் தொகையைச் சரியாக எழுதியே பழகியவன் கூட்டிச் சொன்ன ஒரே தொகை அதுதான். மலிவான கார் என்று பேர் வைத்து விற்றது தவறாகப் போய்விட்டது என்று ரத்தன் டாடா பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அவர் விலையை மறைத்திருந்தாலும் நாங்கள் விட்டிருக்க மாட்டோம் என்றே நினைக்கிறேன். இரண்டு சக்கரத்திலிருந்து நாலு சக்கரத்துக்கு ஏறுகிறவன் மழைக்காக மட்டும் ஏறுவதில்லை. ஏறியது நாலு பேருக்குத் தெரியவும் வேண்டும்.

மழை என்றதும் ஒன்று. ஐப்பசி மாசம் அடை மழையில் பாலத்தடியில் தண்ணீர் தேங்கியது. பைக்காரர்கள் வண்டியை அணைத்து, நடைபாதை மேட்டில் தள்ளிக்கொண்டு நனைந்தபடியே அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நாங்கள் காய்ந்த சட்டையோடு காருக்குள் உட்கார்ந்து, தண்ணீர் வடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அம்மாவை விட்டால் பாவம் பிடிக்கும். அவருக்கு முழங்கால் வலி. பைக்கில் காலைத் தூக்கிப் போட்டு உட்காருவது நின்று நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பஸ் படி ஏற இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அதனால் எங்கேயும் வருவதில்லை என்று வீட்டோடு இருந்துவிட்டார். நானோவின் கூரை உயரம், சீட்டும் உயரம். குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே வைத்தால் போதும். “இதுல படியே இல்லியே கண்ணு” என்றார். கோயமுத்தூருக்குக் கண் ஆபரேஷனுக்கு, காங்கேயத்துக்குப் பக்கத்தில் குலதெய்வக் கோயிலுக்கு, அக்கா பேத்தி சடங்குக்கு, எல்லாம் முன் சீட்டில்தான் வந்தார். அவருடைய கடைசி வருஷங்களில் அவர் பார்த்த ஊரெல்லாம் அந்தக் காரின் வழியாகத்தான். நோட்டில் இந்த வரவை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, எழுதவும் இல்லை.

பாதுகாப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் கோணலாக இருக்கும். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தபோது நானோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அன்று ஏர்பேக் இல்லாமல் சோதித்த மற்ற மாடல்களின் கதியும் அதுவேதான். செய்தியைப் படித்துவிட்டு மனைவி, “இதுலயா புள்ளைகள உக்கார வெச்சுக் கூட்டிப் போறோம்?” என்றாள். அதே பிள்ளைகளை ஹெல்மெட் இல்லாமல் டாங்க் மேல் வைத்துப் போனபோது எங்களுக்கு அந்தப் பயம் வரவில்லை. பைக்குக்கு யாரும் நட்சத்திரம் போடுவதில்லை. தமிழ்நாட்டில் ஹெல்மெட்டை 2015 ஜூலையிலிருந்து நீதிமன்றம் சொல்லித்தான் போட்டோம். 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு நாற்பத்துநாலு பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். ஆகவே ரத்தன் டாடா கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதற்குப் பதில் காராகத்தான் இருக்க வேண்டுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நல்ல பிரேக்கும், மேட்டுப்பள்ளம் இல்லாத சாலையும், எட்டரை மணி ஷிப்ட் முடிந்து வருகிற பெண்ணுக்குச் சரியான நேரத்தில் ஒரு டவுன் பஸ்ஸும் இருந்தால் எத்தனை பேர் இன்று வீட்டில் இருப்பார்கள்?

நாடு என்ன முடிவெடுத்தது என்பது எண்ணிக்கையில் இருக்கிறது. நானோ சந்தைக்கு வந்த 2008-09-ல் இந்தியாவில் விற்ற இரண்டு சக்கர வண்டிகள் ஏறத்தாழ 74 லட்சம். 2018-19-ல் 2 கோடியே 11 லட்சம். அந்தப் பத்து வருஷத்தில் வண்டி ஏறக்குறைய மூன்று மடங்கு ஆனது. வருஷத்துக்கு இரண்டரை லட்சம் கார் செய்யக் கட்டிய சாணந்து ஆலையில் நானோவின் சிறந்த வருஷமே எழுபத்தைந்தாயிரத்தைத் தொடவில்லை. 2018 ஜூனில் அந்த ஆலை ஒரே ஒரு நானோவைச் செய்தது. அதே வருஷம் பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு, வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்கப் பாதி விலையை, அதிகபட்சம் இருபத்தைந்தாயிரம் ரூபாய்வரை, மானியமாகத் தரும் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் லைன் வீட்டிலேயே இரண்டு பேர் மனுப் போட்டார்கள். கார் கம்பெனிக்குத் தெரியாத ஒன்று அந்த மனுவை நிரப்பியவர்களுக்குத் தெரிந்திருந்தது. இடையில் பஜாஜ் ஒரு முயற்சி செய்தது: 216 சிசி இன்ஜின், மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் போகாத க்யூட். கார் என்று சொல்லாமல் குவாட்ரிசைக்கிள் என்று தனி வகையாகப் பதிவு செய்தார்கள். எங்கள் லைன் வீட்டுக் கேட்டுக்குள் அது நுழைந்திருக்குமா என்று மட்டும் அளந்து பார்த்தேன். நுழையாது.

அம்மா போன பிறகு கார் அரிசி மில்லிலேயே நின்றது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமை போய் ஸ்டார்ட் செய்து வைப்பேன். 2019-ல் விற்றேன். வாங்கியவர் காங்கேயம் பக்கத்தில் தோட்டத்து வீட்டுக்காரர், ரிட்டயர்டு ஆசிரியர். மகன் வெளிநாட்டில். வீட்டுக்கு முன்னால் பத்து நானோ நிறுத்துகிற அளவுக்கு வாசல். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போவதென்றால் ஒரே திசையில்தான் போவார்கள். கார் தனக்கு ஏற்ற வீட்டைக் கண்டுபிடித்துவிட்டது. அந்த மாதிரி வீடுகள் எத்தனை இருக்கின்றன என்று முதலிலேயே எண்ணியிருந்தால், ஆலையைக் கொஞ்சம் சின்னதாகக் கட்டியிருக்கலாம்.

இப்போது எங்களிடம் இரண்டு ஸ்கூட்டர், ஒன்று மகளுடைய பேட்டரி ஸ்கூட்டர். கார் வேண்டிய நாளில் கால் டாக்ஸி கூப்பிடுகிறோம். அரிசி மில் வாடகையோடு ஒப்பிட்டால் லாபம்தான். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி.யை 18 சதவீதமாகக் குறைத்தபோது பைக்கிலிருந்து காருக்கு மாற இதுதான் நேரம் என்று மறுபடியும் பேச்சு கிளம்பியது. 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கும் அதே நாளில் அதே 18 சதவீதத்துக்குக் குறைத்தார்கள் என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த வாரம் கட்டிங் மாஸ்டரின் மகன், தானும் கட்டிங் மாஸ்டர், என்னிடம் வந்தான். மூன்றரை லட்சத்துக்குப் புதுக் கார் வருகிறது, எடுக்கலாமா என்று கேட்டான். எங்கே நிறுத்துவாய், உன் சம்சாரம் எந்தப் பக்கம் வேலைக்குப் போகிறது, சனிக்கிழமை பெட்ரோலுக்கு எவ்வளவு ஒதுக்குவாய் என்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னான். சொன்ன பதில் எல்லாமே வாங்காதே என்றுதான் காட்டின; கூட்டி அவனிடமே காட்டினேன்.

“செரிதானுங்ணா” என்றான். “ஆனா வீட்ல அப்பாவுக்கு இடுப்புல ஆபரேசன் பண்ணியிருக்குதுங்க. வண்டில உக்கார முடியறதில்ல. ஞாயித்துக்கெழம எனக்குக் கொஞ்சம் ஓட்டச் சொல்லிக் குடுக்கறீங்ளா?”

மகளின் பேட்டரி ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு ஞாயிறு காலை ஏழு மணிக்கு மைதானத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.